பத்தொன்பது மரங்களும் பதினேழாம் கட்டமும்

அன்புத் தங்கைக்கு,

உன் அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அண்ணி, என் வலது முழங்கால் வலி ஆகிய மூவரும் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நலமாயிருக்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பம். குழந்தைக்கு இருபத்திரண்டு வயதாகிவிட்டது என்று உன் அண்ணி பக்கத்தில் நின்று திருத்துகிறாள். ஆகட்டும், மாமனுக்கு அவள் குழந்தைதான்.

பதினோரு வருடங்களுக்கு முன் நீங்கள் குடும்பத்தோடு இந்த ஊரை விட்டுப் புறப்பட்ட காலையில், வண்டியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றுகொண்டு நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். "அண்ணா, என் மரத்தையெல்லாம் பாத்துக்குவியா?" பாத்துக்குறேன் என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். நான் எந்தக் காலத்தில் ஒரே வார்த்தையில் முடித்திருக்கிறேன்? உதாரணம் சொன்னேன். "ஐம்பத்திரண்டு பிள்ளைங்களை ஒரே அறையில வெச்சு இருபத்தஞ்சு வருஷமா மேய்க்கிறவன் நான். பத்தொன்பது மரத்தைப் பாத்துக்க மாட்டேனா? அதுங்க ஒண்ணை ஒண்ணு கிள்ளாது, தண்ணி குடிக்கப் போகணும்னு கை தூக்காது, பெஞ்சில பேரைச் செதுக்காது" என்றேன். மாப்பிள்ளைகூடச் சிரித்தார். வண்டிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை, அவருக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அன்று நீ கேட்ட கேள்விக்குச் சரியான பதிலை எழுதத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து படி. மாப்பிள்ளை வீட்டில் இருந்தால் அவரையும் உட்காரச் சொல்.

விடையை முதல் வரியில் எழுது, விளக்கத்தை அப்புறம் எழுது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். ஆகவே விடை இதோ. உன் மரங்கள் இல்லை. பத்தொன்பதும் இல்லை. புயலும் அடிக்கவில்லை, திருடனும் வரவில்லை. வெட்டச் சொன்னது நான். உன்னைக் கேட்காமல் சொன்னேன். அடுத்த மாதம் நீ கட்டட மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு வந்து, எந்த மரம் வாசக்காலுக்கு, எந்த மரம் உத்தரத்துக்கு என்று அளந்து பார்க்கப்போவதாகப் போனில் சொன்னாயே, அந்த மேஸ்திரிக்கு அளக்க இங்கே ஒன்றும் இல்லை. அவர் அளவு நாடாவோடு வந்து வாசலில் நிற்கும்போது உனக்குத் தெரியவருவதைவிட, இந்தக் காகிதத்தில் தெரியவருவது மேல் என்று எழுதுகிறேன்.

இனி விளக்கம். போன வருடம் ஒருநாள் எரிபயிர்த் திட்டம் என்று ஒன்றைப் பற்றி நகராட்சிக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். ஓய்வுபெற்றவனுக்கு எந்தக் கூட்டமும் நல்ல கூட்டம்தான், அதுவும் நாற்காலியும் டீயும் உண்டென்றால் கேட்கவே வேண்டாம். அங்கே ஓர் அதிகாரி சொன்னார், இனிமேல் கொதிகலனில் நிலக்கரிக்குப் பதிலாகப் புல்லை எரிக்கப்போகிறார்களாம். சாதாரணப் புல் இல்லை, யானைப்புல். நட்டால் தானாக வளரும், வெட்டினால் திரும்ப வளரும், வெட்டியதைக் காயவைத்துப் பொடித்துக் கட்டியாக்கி ஆலைக்குக் கொடுத்தால் ஆலை எரிக்கும். நட்டவருக்கு அரசாங்கம் மானியம் கொடுக்கும். வீட்டுக்கு வந்து உன் அண்ணியிடம் விளக்கினேன். அவள் காய்கறி நறுக்கிக்கொண்டே, "எங்கம்மா காலத்துல அடுப்புக்குச் சருகு பொறுக்கினா ஏழைன்னாங்க. இப்ப அதுக்கு ஆபீசர் வந்து கூட்டம் போடுறாரா?" என்றாள். நான் அதைப் பொருட்படுத்தவில்லை. என் மனசில் ஓடியது வேறு. உன் மனை எங்கள் சமையலறை ஜன்னலுக்கு அந்தப் பக்கம் சும்மாதானே கிடக்கிறது. நடுவில் பத்தொன்பது தேக்கு, மீதி வெறும் தரை. அந்த வெறும் தரையில் புல்லைப் போட்டால், நீ திரும்பி வந்து வீடு கட்டும்போது ஒரு கை உதவியாக இருக்குமே என்று நினைத்தேன். உனக்குத் தெரியாமல் செய்து, நீ வந்ததும் காட்டி, "எப்படி அண்ணா!" என்று நீ வாயைப் பிளப்பதைப் பார்க்க வேண்டும் என்றும் நினைத்தேன். நல்லது செய்கிறேன் என்று கிளம்பியவர்கள் யாரும் வழியில் நின்று யாரையும் கேட்பதில்லை. நானும் நிற்கவில்லை.

படிவம் வாங்கினேன். நாலு பக்கம், முப்பத்தொரு கட்டம். எனக்குப் படிவம் என்றால் எப்படி என்று உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் பாதிப் பேர் என்னிடம்தான் நிரப்பிக்கொள்வார்கள். சிவப்புப் பேனாவை ஒதுக்கிவிட்டு நீலப் பேனாவை எடுத்து, அடியில் அளவுகோலை வைத்து, வரி கோணாமல் எழுதினேன். பதினாறு கட்டம் வரை சிக்கல் இல்லை. பதினேழாம் கட்டத்தில் இப்படிக் கேட்டிருந்தது: "நிலத்தில் மரங்கள் உள்ளனவா? ஆம் எனில், எத்தனை? அகற்றப்படும் தேதி?" இங்கேதான் தங்கச்சி, நான் கவிழ்ந்தேன். முப்பத்துநாலு வருடம் ஒவ்வொரு பரீட்சைக்கு முந்தின நாளும் நான் பிள்ளைகளுக்குச் சொன்ன ஒரே அறிவுரை என்ன? எந்தக் கேள்வியையும் விடாதே, தெரிந்ததை எழுது, வெறும் இடம் விட்டால் வெறும் மதிப்பெண்தான். அதைச் சொல்லிச் சொல்லி எனக்கே அது ஊறிப்போய்விட்டது. மரங்கள் உள்ளனவா? உள்ளன. எத்தனை? பத்தொன்பது. தேதி? பேனா நின்றது. மரத்தை அகற்றும் எண்ணமே எனக்கு இல்லை. ஆனால் கட்டம் காலியாக இருக்கிறதே! காலிக் கட்டத்தைப் பார்த்தால் எனக்கு, சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்ட பிள்ளையைப் பார்ப்பதுபோல இருக்கும், கை தானாகப் போகும். ஆறு மாதம் தள்ளி ஒரு தேதியைப் போட்டேன். மாதத்தின் பதினைந்தாம் நாள், வியாழக்கிழமை. கிழமையைக்கூடக் கேட்காமலே எழுதினேன்.

மானியத்தின் முதல் தவணை வந்தது, கூடவே புல் நாற்றும் வந்தது. நட்டோம். ஆறு மாதம் கழித்து அந்த வியாழக்கிழமைக்கு நாலு நாள் முன்னால் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. "தாங்கள் உறுதியளித்துள்ளபடி மரங்கள் குறித்த தேதியில் அகற்றப்படும் என எதிர்பார்க்கப்படுகிறது." இரண்டு நாள் அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு நடந்தேன். உன் அண்ணி, "ஆபீசுக்குப் போய், தெரியாம எழுதிட்டேன்னு சொல்லுங்க, ஒரு நிமிஷ வேலை" என்றாள். அது என்னால் முடியவில்லை. எழுதிக் கையெழுத்துப் போட்ட ஒன்றைத் தெரியாமல் எழுதினேன் என்று போய்ச் சொல்வதா? நோட்டில் தேதி போட்டு எழுதினால் அது வாக்கு மாதிரி என்று எத்தனை பிள்ளைகளை வெயிலில் நிற்கவைத்தவன்! உன்னிடம் போனிலாவது கேட்டிருக்கலாம். எடுத்தேன், எண்ணைப் பாதி வரை போட்டேன், வைத்துவிட்டேன். கேட்டால் நீ வேண்டாம் என்பாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை. இந்தக் கடிதத்திலேயே எழுதக் கஷ்டமான வரி இதுதான்.

மரம் வெட்டுகிறவர்கள் நாலு பேர் வந்தார்கள். தலைவர் உன் மரங்களைச் சுற்றி வந்து ஒன்றைத் தட்டிப் பார்த்து, "நல்ல வளர்த்தி சார். இன்னும் பத்து வருஷம் விட்டா சொத்து. எதுல ஆரம்பிக்கலாம்?" என்றார். "வரிசையா" என்றேன். வாத்தியார் வேறு என்ன சொல்வான்? ஒன்றாம் எண்ணிலிருந்து வரிசையாகப் போனார்கள். நான் வருகைப் பதிவேடு வாசிப்பதுபோல ஓரமாக நின்றேன். கடைசி மரம், மாப்பிள்ளை இடுப்பைப் பிடித்துக்கொண்டு குழி தோண்டினாரே, அதற்கப்புறம் இருபதாவது குழி வேண்டவே வேண்டாம் என்று மண்வெட்டியைப் போட்டாரே, அந்த மரம் விழுந்தபோது மதியம் இரண்டு மணி. உன் அண்ணி சமையலறையிலிருந்து வெளியே வந்து, "என்னங்க, உள்ளே யாரோ விளக்குப் போட்ட மாதிரி இருக்கு" என்றாள். அத்தனை வருடமாக உன் மரங்கள் மறைத்திருந்த வெயில் அவள் அடுப்பு மேடை வரைக்கும் வந்துவிட்டது. அன்று மாலை நீ போன் செய்தாய், ஞாபகமிருக்கிறதா? "மரமெல்லாம் எப்படி இருக்கு அண்ணா, நிழலா இருக்கா?" என்றாய். "இங்க நல்ல வெளிச்சமா இருக்கும்மா" என்றேன். அது பொய் இல்லை, ஆனால் வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளை, நோட்டு வீட்டில் இருக்கிறது சார் என்று சொல்லும் உண்மை மாதிரி உண்மை.

ஆனாலும் எனக்கு ஓர் ஆறுதல் இருந்தது. மரம் போனால் என்ன, கட்டை இருக்கிறதே! பத்தொன்பதையும் வண்டியில் ஏற்றி நம் மரவாடிக்காரரிடம் அனுப்பினேன். அவரை உனக்குத் தெரியும், உன் கல்யாணத்துக்குப் பீரோ செய்து கொடுத்த அதே மனிதர். "பலகையா அறுத்து ஓரமா அடுக்கி வைங்க, தங்கச்சி வந்ததும் வாசக்கால் செய்யணும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். பத்து நாள் கழித்துப் பார்க்கப் போனேன். தங்கச்சி, அந்த மரவாடி எப்படி இருக்கும்? உள்ளே நுழைந்தாலே பலகை வாசனை வரும், ஒருபக்கம் உத்தரம், ஒருபக்கம் சட்டம், ரம்பம் கத்துகிற சத்தத்தில் நாம் கத்த வேண்டியிருக்கும். அன்று போனால் பலகையும் இல்லை, சட்டமும் இல்லை. கூரை வரைக்கும் மூட்டை. நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு பச்சை மிஷின், அதன் நெற்றியில் மானியத்தில் வாங்கப்பட்டது என்று ஒரு தகடு. மரவாடிக்காரர் ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தார். "நாற்காலி எங்கே?" என்று கேட்டேன். மிஷினைக் கை காட்டினார்.

"என்ன சார் பண்றது? பலகை அறுத்தா அரசாங்கம் ஒண்ணும் தராது. தூளா அரைச்சுக் கொதிகலனுக்குக் குடுத்தா மானியம். அதை நம்பி மிஷினை வாங்கிட்டேன். வாங்கினப்புறம்தான் சொல்றாங்க, தினம் இத்தனை மூட்டை அரைச்சே ஆகணும், இல்லைன்னா மிஷினுக்குக் குடுத்த மானியத்தைத் திருப்பிக் குடுன்னு. காலையில எந்திரிச்சா அதுக்குப் பசிக்குது சார். முதல்ல கழிவுக் கட்டையைப் போட்டேன். அது தீர்ந்துது. அப்புறம் அறுத்து வெச்ச பலகை. அப்புறம் பெஞ்சு, மேஜை..."

"என் தங்கச்சி கட்டை?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "திங்கட்கிழமை கட்டை ஏத்திட்டு வர்ற லாரி வரலை சார். கொட்டாயில வேற கட்டை இல்லை. உங்களுக்குப் போன் பண்ணலாம்னு எடுத்தேன். கேட்டா வேண்டாம்னுதானே சொல்லுவீங்க? அதான் வெச்சுட்டேன்."

இதைக் கேட்டதும் எனக்கு வந்த கோபம் வந்த வழியே திரும்பிவிட்டது. அவரைத் திட்ட நான் யார்? நான் உனக்குச் செய்ததையே அவர் எனக்குச் செய்திருக்கிறார். முப்பது வருடம் கதவும் கட்டிலும் செய்த மனிதர், ஒரு மூட்டைத் தூளைத் தோளில் தூக்கிக் கொண்டுவந்து என் சைக்கிள் கேரியரில் கட்டிவிட்டு, "உங்க மரம் சார், எதுவும் இல்லாம அனுப்ப மனசு வரலை" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது, தூள் விழுந்ததாகச் சொன்னார். அந்த மூட்டை இப்போது நம் கூடத்தில் இருக்கிறது. உன் அண்ணி அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நாற்காலியில் வைத்திருக்கிறாள். விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

மறுநாள் அலுவலகத்துக்குப் போனேன். எரிபயிர் மேஜையில் உட்கார்ந்திருக்கும் எழுத்தர் என் பழைய மாணவன், கடைசி பெஞ்சு. ஏழாம் வகுப்பில் என்னிடம் வாங்கிய மொத்த மதிப்பெண்ணை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். எழுந்து நின்று வணக்கம் சொன்னான். நடந்ததையெல்லாம் சொன்னேன். என் படிவத்தை எடுத்துப் பார்த்தவன், "சார், பதினேழாம் கட்டத்தை நிரப்பியிருக்கீங்களே!" என்றான்.

"கேட்டிருக்கே, நிரப்பாம?"

"ஐயோ சார், அதை யாருமே நிரப்ப மாட்டாங்க. குறுக்கே ஒரு கோட்டைப் போட்டு விட்டுருவாங்க. நாங்களும் கேட்க மாட்டோம். இந்த ஊர்ல புல் போட்ட நாற்பத்தாறு பேர்ல மரம் வெட்டினது நீங்க ஒருத்தர்தான்." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "எந்தக் கேள்வியையும் விடாதேன்னு சொல்லுவீங்களே சார், நான் ஒரு பரீட்சையிலகூட அதைக் கேட்டதில்லை. அதனாலதான் இந்த வேலையில பிழைச்சுக் கிடக்கேன்" என்றான். இதை அவன் மரியாதையாகத்தான் சொன்னான். அதுதான் தாங்கவில்லை.

அவன் மேஜைக்கு இரண்டு மேஜை தள்ளி ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். மரத்தொழில் வளர்ச்சிப் பிரிவு என்று பலகை. இரண்டு மேஜைக்கும் பொதுவாக நூலில் கட்டிய ஒரே பேனா. எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே இருந்தவர், "எந்த மரம் சார்? தேக்கா? பத்து வருஷத்துக்கு மேல நின்னதா?" என்று கேட்டார். பதினாலு வருடம் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. "அதுக்குத்தான் சார் போன மாசம் புதுசா மானியம் வந்திருக்கு! பத்து வருஷத்துக்கு மேல மரத்தை வெட்டாம வெச்சிருக்கறவங்களுக்கு. இந்தாங்க படிவம்" என்று நீட்டினார். கடைசி பெஞ்சு பின்னாலிருந்து அவருக்குச் சைகை காட்டுகிறான், அவர் கவனிக்கவில்லை. "மரத்துப் பக்கத்துல நின்னு ஒரு போட்டோ மட்டும் எடுத்துட்டு வாங்க" என்றார். வாங்கி மடித்து வைத்துக்கொண்டு வந்தேன். யாராவது படிவம் நீட்டினால் வாங்காமல் வர எனக்குத் தெரியாது.

சரி, புல்லாவது உதவியதா என்று கேட்பாய். புல் வளர்ந்தது. அதில் குறை சொல்லக் கூடாது. மர நிழல் போனதும், கட்டிப்போட்ட கயிறு அறுந்தது மாதிரி வளர்ந்தது. உன் மனை முழுவதும், வெட்டிய அடிக்கட்டையெல்லாம் மூடி, பத்தடி உயரத்துக்கு நிற்கிறது. உன் அண்ணி துணி காயப்போட்ட கொடி ஒருநாள் தெரிந்தது, மறுவாரம் தெரியவில்லை, அதோடு என் வேட்டி ஒன்றும் போய்விட்டது. மின்கட்டணம் கணக்கெடுக்க வந்தவர் குறுக்கு வழி என்று உள்ளே புகுந்து, மூன்றாவது தெருவில் வெளியே வந்தார். அவரை நாங்கள் இங்கிருந்து கூப்பிட, அவர் அங்கிருந்து பதில் சொல்ல, தெருவே கூடிவிட்டது. புல்லை வெட்டலாம் என்றால், மேற்பார்வையாளர் உயரம் அளந்து எழுதாமல் வெட்டக் கூடாது என்று விதி. அவர் போன மாதம் வந்தார். கையில் ஆறடிக் கோல். புல் பத்தடி. "ஆறடிக்கு மேல எழுத இதுல இடமில்லை சார், மேலே கேட்டுச் சொல்றேன்" என்று போனவர்தான். வெட்டினாலும் கொடுக்க இடமில்லை என்பது அப்புறம் தெரிந்தது. புல்லை எரிக்கும் ஆலை இன்னும் திறக்கவில்லை. போதுமான புல் வந்து சேர்ந்தால்தான் அவர்களுக்கு ஆலை திறக்க மானியம் கிடைக்குமாம். ஆலை திறந்தால்தான் இங்கே புல் வெட்டுவார்கள். இரண்டு பேர் ஒரு கதவின் முன் நின்று, நீங்க முதல்ல, நீங்க முதல்ல என்று சொல்லிக்கொள்வார்களே, அந்த மாதிரி.

இவ்வளவுதான் நடந்தது. எழுதிப் படித்துப் பார்த்தால் சிரிப்பு வருகிற மாதிரிதான் இருக்கிறது. உன் அண்ணிகூட நடுவில் இரண்டு இடத்தில் சிரித்தாள். ஆனால் காலையில் சமையலறைக்குப் போய் ஜன்னலைத் திறக்கும்போது சிரிப்பு வருவதில்லை. நீயும் மாப்பிள்ளையும் அந்தக் கன்றுகளுக்குத் தண்ணீர் சுமந்த நாட்களை நான் பார்த்திருக்கிறேன். குழாயில் தண்ணீர் வராத கோடையில் குளித்த தண்ணீரைப் பாத்திரத்தில் பிடித்து ஊற்றினாயே. அந்த மரங்களில் செய்த கதவுக்குள் உங்களுடைய கடைசிக் காலம் இருக்க வேண்டும் என்று நீ நினைத்திருந்தாய். உன்னிடம் இருந்து ஒரு சொல் கேட்டிருந்தால் போதும், அவை நின்றிருக்கும். அரசாங்கத்தையும் மரவாடிக்காரரையும் மிஷினையும் சேர்த்து எத்தனை பேரை இந்தக் கடிதத்தில் இழுத்தாலும், தேதி போட்ட கை என் கைதான்.

பதிலுக்கு என்ன செய்வது என்று நானும் உன் அண்ணியும் மூன்று நாள் யோசித்தோம். எங்கள் வாசற்கதவு பழைய தேக்கு, நல்ல கனம். அதைக் கழற்றி உன் வீட்டுக்குக் கொடுத்துவிடலாம் என்றேன். "தாராளமா குடுங்க. நாம வாசலுக்குப் போர்வையைத் தொங்கவிட்டுக்கலாம், உங்க தங்கச்சி வந்தா மடிச்சு வரவேற்கலாம்" என்றாள். சொன்னாளே தவிர, மறுநாள் அவளே கதவைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருக்கிறாள். வந்து எடுத்துக்கொள். மேஸ்திரியை மட்டும் இப்போதைக்குக் கூட்டிக்கொண்டு வர வேண்டாம். நீ என்னைத் திட்ட வேண்டும் என்றால் போனில் திட்டாதே, நேரில் வந்து திட்டு, எனக்குக் காது சற்று மந்தம். பேசவே பிடிக்கவில்லை என்றால் அதையும் நான் புரிந்துகொள்வேன். இனி என் ஆயுளில் எந்தப் படிவத்தையும் நிரப்புவதில்லை என்று உன் அண்ணி முன்னால் சொல்லியிருக்கிறேன்.

மாப்பிள்ளைக்கு என் வணக்கம். அவர் இடுப்பைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல். குழந்தை எடுத்த காரியமெல்லாம் கைகூடி, மனசுக்குப் பிடித்த வேலையில் அமர்ந்து நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். உனக்கு ஆசீர்வாதம் சொல்லும் தகுதி இந்த வருடம் எனக்கு இல்லை என்று நினைக்கிறேன். உன் அண்ணி சொல்லச் சொன்னாள், அவளுடையதை எடுத்துக்கொள்.

மன்னிப்பு வேண்டும்,
உன் அண்ணன்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டி, செருப்பை மாட்டும்போது அந்த மேற்பார்வையாளர் வந்துவிட்டார். மேலே கேட்டு, பன்னிரண்டடிக் கோல் வாங்கி வந்திருக்கிறார். நடுவில் போய்த்தான் அளக்க வேண்டும் என்று புல்லுக்குள் நுழைந்தார். கோலின் நுனி மட்டும் புல்லுக்கு மேலே நகர்ந்துகொண்டே போயிற்று. அப்புறம் உள்ளேயிருந்து, "சார், இங்க மரம் இருக்கு!" என்று ஒரு குரல். "இல்லைங்க, வெட்டியாச்சு" என்று நான் இங்கிருந்து கத்தினேன். "இருக்குங்குறேன்ல! இப்பதான் மூஞ்சியில அடிச்சுது!" என்றார்.

நானும் உன் அண்ணியும் புல்லை விலக்கிக்கொண்டு போனோம். தங்கச்சி, அடிக்கட்டையெல்லாம் துளிர்த்திருக்கிறது. சின்னத் துளிர் இல்லை, என் மார்பு உயரத்துக்கு நிற்கிறது, ஒவ்வோர் இலையும் சாப்பாட்டுத் தட்டு அகலம். ஒவ்வொரு கட்டையிலும் ஐந்து, ஆறு. வரிசையாக எண்ணினேன். பத்தொன்பதில் பதினேழு. இரண்டு கட்டை காய்ந்துபோயிற்று, அதைச் சொல்லாமல் விட எனக்கு மனசில்லை.

மேற்பார்வையாளர் முகத்தைத் தடவிக்கொண்டே, மரம் நிற்கும் நிலத்துக்கு மானியம் கிடையாது என்றார். ஒன்று, துளிரை அகற்ற வேண்டும். இல்லையென்றால் திட்டத்தை விட்டு வெளியே போய், வாங்கின தவணையைத் திருப்பிக் கட்ட வேண்டும். "எப்ப எடுப்பீங்க சார்?" என்று கேட்டார். "தெரியாதுங்க. மரம் என்னுது இல்லை, மரத்துக்காரியைக் கேட்டுத்தான் சொல்லணும்" என்றேன். நாற்பத்தொரு வருடக் குடித்தனத்தில் தெரியாது என்று நான் சொல்லிக் கேட்டதே இல்லையாம், உன் அண்ணி புல்லுக்குள்ளேயே நின்றுவிட்டாள்.

ஆகவே உறையைக் கிழித்து இதை எழுதுகிறேன். மேலே மரம் இல்லை, இல்லை என்று நான் எழுதியிருப்பதையெல்லாம் அடித்துவிட்டுப் படி. உன்னைக் கேட்காமல் வெட்டினேன் என்று எழுதியிருப்பதை மட்டும் அடிக்காதே. தவணையைத் திருப்பிக் கட்டுவது என் பாடு. துளிர் இருப்பதா, போவதா என்பது உன் பாடு. மரவாடிக்காரரிடம் கேட்டேன், எல்லாத் துளிரையும் விட்டால் புதராகத்தான் போகும், கட்டைக்கு ஒன்று நின்றால்தான் மரமாகும் என்கிறார். தானே வந்து கழித்துக் கொடுப்பதாகவும் சொன்னார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நானும் ஒரு துளிரைத் தொடவில்லை. உனக்கு அவை வேண்டுமென்றால், நீயே வந்து ஒவ்வொரு கட்டைக்கு முன்னாலும் குனிந்து பார்த்து, அடியில் மண்ணை ஒட்டிக் கிளம்பியிருப்பதில் நேரானது ஒன்றை விட்டுவிட்டு, மற்றவற்றை உன் கையால் ஒடித்துப் போடு.